முதுகு வலியும் படுக்கும் மெத்தையும்

(தோட்டப் பொது மண்டபம் ஒன்றில் தகவல் இலாகா அதிகாரி ஆற்றிய உரை)

 

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் மெத்தை. இதற்கு ஓர் அதிகாரி வரவேண்டுமா என்று சிலர் புன்னகை செய்வது தெரிகின்றது. செம்பனைக் குலையைத் தூக்கிக் கைவண்டியில் ஏற்றுகின்றவர்களும், நாள் முழுதும் குனிந்து உதிரிப் பழம் பொறுக்குகின்ற தாய்மார்களும், பால் வாளி சுமக்கின்றவர்களும் இரவில் முதுகைச் சாய்க்கும் இடம் அது. அவ்விடம் சரியில்லையென்றால் மறுநாள் வேலை பாதிக்கப்படுகின்றது. வேலை பாதிக்கப்பட்டால் சம்பளம் குறைகின்றது. இன்னொரு காரணமும் உண்டு. முதுகு வலியால் வருந்துவோரைத் தேடி, மெத்தைகளை வேனில் ஏற்றிக்கொண்டு தோட்டந்தோறும் வருகின்ற விற்பனையாளர் சிலர் உள்ளனர். அவர்கள் சொல்வதில் எது உண்மை, எது வெறும் பேச்சு என்பதை நாம் அறிந்திருத்தல் வேண்டும்.

முதலில் நம்மிடையே நெடுங்காலமாக நிலவிவரும் ஒரு நம்பிக்கையைப் பார்ப்போம். ‘முதுகு வலிக்குக் கட்டாந்தரையே மருந்து’ என்பார்கள். பெரியவர்கள் மட்டுமல்லர், மருத்துவர்களுங்கூட ஒரு காலத்தில் மிகக் கடினமான மெத்தையையே பரிந்துரைத்து வந்தனர். ஸ்பெயின் நாட்டில் நடைபெற்ற ஓர் ஆய்வு 2003ஆம் ஆண்டு ‘லான்செட்’ என்னும் மருத்துவ ஏட்டில் வெளியாயிற்று. நாட்பட்ட இடுப்பு வலி உடைய 313 பேரை இரு பிரிவினராக்கி, ஒரு பிரிவினருக்குக் கடினமான மெத்தையும் மற்றவருக்கு நடுத்தர உறுதியுள்ள மெத்தையும் கொடுத்தனர். யாருக்கு எது என்று படுத்தவர்களுக்குச் சொல்லப்படவில்லை. 90 நாள்களுக்குப் பிறகு கணக்கெடுத்தபோது, நடுத்தர மெத்தையில் படுத்தவர்களுக்கே படுக்கையில் வலி அதிகம் குறைந்திருந்தது. அன்றாட வேலைகளைச் செய்வதில் அவர்களுக்கிருந்த சிரமமும் கூடுதலாகக் குறைந்திருந்தது.

இதன் காரணம் புரிந்துகொள்ளக் கடினமானதன்று. நமது முதுகெலும்பு தடிபோல் நேரானதன்று. கழுத்தில் உள்வளைந்து, முதுகில் வெளிவளைந்து, இடுப்பில் மீண்டும் உள்வளைந்து செல்கின்றது. சிமெந்துத் தரையில் மல்லாந்து படுத்தால் தோளும் பிட்டமும் மட்டுமே தரையைத் தொடும். இடுப்பு அந்தரத்தில் நிற்கும். குழிந்துபோன மெத்தையிலோ, கனமான பிட்டம் கீழே இறங்கி முதுகு தொட்டில்போல் வளைந்துவிடும். இரண்டிலும் தசைகளுக்கு இரவு முழுதும் ஓய்வில்லை. தோளுக்கும் பிட்டத்திற்கும் சற்று இடங்கொடுத்து, இடுப்பைத் தாங்கி நிற்பதே நல்ல மெத்தை. தரையில் பாய் விரித்து உறங்கி, எவ்வித வலியுமின்றி எழுகின்றவர்கள் அதை விடவேண்டும் என்று நான் சொல்லவில்லை.

புதியது வாங்குமுன் இருப்பதைச் சோதித்துப் பாருங்கள். எழும்போது வலி மிகுந்து, நடமாடத் தொடங்கியதும் குறைகின்றதா? உறவினர் வீட்டில் படுத்த இரவுகளில் வலி தெரியவில்லையா? அப்படியாயின் மெத்தையின்மீது ஐயங்கொள்ளலாம். ஆனால் கட்டிலையும் பார்க்க வேண்டும். குறுக்குச் சட்டம் உடைந்த கட்டிலில் எந்த மெத்தையைப் போட்டாலும் குழி விழும். மெத்தைக்குக் கீழே ஓர் ஒட்டுப்பலகையைப் பரப்பிச் சில நாள்கள் படுத்துப் பாருங்கள். பல வீடுகளில் அதுவே போதுமானதாக இருக்கும், செலவும் சொற்பம். இலவம் பஞ்சு மெத்தையாயின் வெயிலில் காயவைத்து, கட்டிப் பஞ்சைப் பிரித்து, மீண்டும் அடைத்துக்கொள்ளலாம். நமது பாட்டிமார் செய்த வேலைதான். இன்று அதைச் செய்யத் தெரிந்தவர்கள் குறைந்துவிட்டனர்.

வாங்கியே தீரவேண்டும் என்ற நிலை வந்தால், கடைக்குச் சென்று படுத்துப் பார்த்து வாங்குங்கள். கையால் அமுக்கிப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. நீங்கள் வழக்கமாக உறங்கும் நிலையில் பத்து நிமிடமாவது படுங்கள். மல்லாந்து படுத்து, இடுப்புக்கடியில் கையை நுழைத்துப் பாருங்கள். கை தாராளமாகப் போய்வந்தால் அது உங்களுக்குக் கடினம். நுழையவே முடியாமல் உடல் அமிழ்ந்திருந்தால் மென்மை மிகுதி. ஒருக்களித்துப் படுக்கின்றவர்கள், உடன் வந்தவரைப் பின்புறம் நின்று முதுகெலும்பு நேர்க்கோட்டில் உள்ளதா என்று பார்க்கச் சொல்லுங்கள். கனத்த உடலுக்குச் சற்று உறுதியானதும் மெலிந்த உடலுக்குச் சற்று மென்மையானதும் பொருந்தும். ஆகவே கணவருக்கு ஏற்றது மனைவிக்கும் ஏற்றதாக இருக்கும் என்று நினைத்துவிடாமல் இருவருமே சென்று பார்ப்பது நல்லது.

ரப்பர் மெத்தையைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்லாமல் போக முடியாது. மரத்தில் வெட்டி எடுக்கும் பாலை நுரைக்கச் செய்து மெத்தையாக்கும் முறையை 1929ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் டன்லப் நிறுவனத்தார் கண்டுபிடித்தனர். குழி விழாமல் நெடுங்காலம் உழைப்பது அதன் சிறப்பு. விலையும் அதற்கேற்ப அதிகம். ஆயினும் ‘லேடெக்ஸ்’ என்று மேலே எழுதியிருப்பதை மட்டும் நம்பிவிடாதீர்கள். மேலே ஓர் அங்குல ரப்பரும் உள்ளே மலிவான பஞ்சுநுரையும் வைத்து, அதே பெயரில் விற்பதுண்டு. ரப்பர் எத்தனை அங்குலம் என்று கேட்டு, அதை ரசீதில் எழுதி வாங்குங்கள்.

வேனில் வரும் மெத்தைக்கு மீண்டும் வருகின்றேன். ‘மருத்துவ மெத்தை’ என்ற சொல், மருத்துவர் ஒருவர் அதைச் சோதித்தார் என்பதற்கு அத்தாட்சி ஆகாது. மெத்தைக்குள் இருக்கும் காந்தம் முதுகு வலியைப் போக்கும் என்பதற்கும் தக்க சான்று இல்லை. நமது நாட்டில் 2025 பிப்ரவரியில் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட் ஆக உயர்த்தப்பட்டது. ஒரு மாதச் சம்பளத்தையும் விழுங்கி, அதற்கு மேலும் தவணை கேட்கும் மெத்தையில் படுத்தால் உறக்கம் எப்படி வரும்? அவசரப்பட்டுக் கையெழுத்துப் போட்டவர்களுக்கும் வழி உண்டு. வீடு தேடி வந்து விற்றவரோடு செய்த ஒப்பந்தத்தைக் குறிப்பிட்ட நாள்களுக்குள் ரத்துச் செய்யும் உரிமையை 1993ஆம் ஆண்டின் நேரடி விற்பனைச் சட்டம் தருகின்றது. பொருள் சொன்னபடி இல்லையென்றால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தை நாடலாம். மனுக் கட்டணம் 5 ரிங்கிட், வழக்கறிஞர் தேவையில்லை. ரசீது மட்டும் கையில் இருத்தல் வேண்டும்.

மெத்தையால் ஆகாத காரியங்களும் உள. வலியோடு கால் மரத்துப்போனால், கால் பலம் குன்றினால், சிறுநீர் மலம் அடங்காமற் போனால் அல்லது சிறுநீர் கழிக்க முடியாமற் போனால் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். காய்ச்சலோ காரணமற்ற உடல் மெலிவோ சேர்ந்திருந்தாலும் காத்திருக்கலாகாது. காலையில் அரை மணி நேரத்திற்கு மேல் முதுகு விறைத்திருக்கும் இளைஞர்களும் மருத்துவரைக் காண வேண்டும். அது மூட்டழற்சி நோயின் அறிகுறியாக இருக்கலாம். குலை தூக்கும்போது இடுப்புப் பிடித்துக்கொண்டால், அதை வீட்டு விஷயமாக மறைத்துவிடாமல் அன்றே நிர்வாகத்திடம் தெரிவித்துப் பதிவு செய்யுங்கள். வேலையில் நேரும் காயங்களுக்கு உதவித்தொகை கோருவதற்காகவே சொக்சோ இருக்கின்றது. வலி வந்துவிட்டதென்று நாள்கணக்கில் படுத்தே கிடப்பதும் வேண்டாம்; இயன்ற அளவு நடமாடுவதே நலம் என்பது இன்றைய மருத்துவரின் அறிவுரை.

விடியலில் செய்யவேண்டியது ஒன்றுண்டு. முதுகெலும்புகளுக்கு இடையே உள்ள வட்டத் தட்டுகள் இரவில் நீரை உறிஞ்சிப் பருத்திருக்கும். காலையில் நாம் ஏறத்தாழ ஒரு செண்டிமீட்டர் உயரமாக இருப்பதும் அதனால்தான். அந்நேரத்தில் குனிந்து கனம் தூக்கினால் அத்தட்டுகள் அதிகம் அழுத்தப்படும். ஆகவே ஒருக்களித்துத் திரும்பி, காலைக் கீழே இறக்கி, கையை ஊன்றி எழுங்கள். எழுந்தவுடன் தண்ணீர் வாளியைத் தூக்காமல், முதலில் தேநீர் கலக்குவது, சாப்பாடு கட்டுவது போன்ற நின்று செய்யும் வேலைகளை முடித்துக்கொள்ளலாம்.

மண்டபத்தின் இடப்புறம் மூன்று மெத்தைகளை விரித்து வைத்திருக்கின்றோம். ஒன்று கடினம், ஒன்று நடுத்தரம், ஒன்று நடுவில் குழிந்த பழையது. விற்பனைக்கல்ல. கூச்சப்படாமல் ஒவ்வொருவராக வந்து படுத்து, நான் சொன்னவாறு இடுப்புக்கடியில் கையை நுழைத்துப் பாருங்கள். தாய்மார்களுக்காகத் திரைக்குப் பின்னே தனியாக ஒன்று போடப்பட்டிருக்கின்றது.