பெயருக்குப் பக்கத்தில் என்ன எழுதுகிறோம்?

(தேர்தல் பணிப் பயிலரங்கு ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



என்னை அழைத்த தோழர், "அக்கா, ஆதரவாளர் பட்டியல்ல லேபிள் எப்படிப் போடறதுன்னு அரை மணி நேரம் பேசுங்க, போதும்" என்றார். எக்செல் தெரிந்த யாரும் அதைப் பத்து நிமிடத்தில் சொல்லிவிடலாம். மிச்சம் இருபது நிமிடத்தை, நான் லேபிள் போட்டு ஒரு பெண்ணின் பிழைப்பில் மண்ணள்ளிப் போட்ட கதைக்கு எடுத்துக்கொள்கிறேன்.

2021 அக்டோபரில் ஒன்பது மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அதில் ஒரு மாவட்டத்தில், பட்டியல் சாதிக்கு ஒதுக்கப்பட்ட ஓர் ஊராட்சி. தலைவர் பதவிக்கு இரண்டு பேர் நின்றார்கள், இருவருமே காலனிக்காரர்கள். ஒருவரை நிறுத்தியது ஊர். ஒதுக்கீட்டுத் தொகுதிகளில் இது எப்படி நடக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஜெயித்தபின் கையெழுத்து மட்டும் அவருடையது, நாற்காலி வேறொருவருடையது. இன்னொருவர் நம் தோழர். ஆய்வுக்காகப் போன நான் அவருக்குப் பட்டியல் தயாரித்துக் கொடுக்க உட்கார்ந்துவிட்டேன்.

அரசு தரும் வாக்காளர் பட்டியலில் என்ன இருக்கிறது? பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், வீட்டு எண், வயது, பாலினம், அடையாள அட்டை எண். அவ்வளவுதான். சாதி கிடையாது, போன் நம்பர் கிடையாது. ஒரு தொகுதிக்கு ஒரே பொதுப் பட்டியல், மதம், இனம், சாதி, பாலினம் காரணமாக யாரையும் அதிலிருந்து விலக்கக் கூடாது என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 325ஆவது பிரிவு. அந்தப் பட்டியலைக் கையில் வாங்கியதும் கட்சிக்காரர்கள் செய்யும் முதல் வேலை, ஓரத்தில் பேனாவால் சாதியை எழுதுவது. தெருப் பெயர் தெரிந்தால் போதும், யாரையும் கேட்கவே வேண்டாம்.

நானும் அதையே செய்தேன், கொஞ்சம் நவீனமாக. கூகுள் ஷீட்டில் தெரு, போன், சாதி, நிலை என்று நான்கு பத்திகளைச் சேர்த்தேன். நிலைக்கு மூன்று நிறங்கள். பச்சை 'நம்ம ஓட்டு', மஞ்சள் 'பேசணும்', சிவப்பு 'கிடையாது'. லிங்க் கையில் இருந்தால் யார் வேண்டுமானாலும் திறக்கலாம் என்று விட்டிருந்தேன். பசங்க எல்லாரும் போனிலிருந்தே நிரப்ப வேண்டுமே!

ஊர்த்தெருவில் பதினோரு பெண்கள் பச்சையில் வந்தார்கள். அந்தப் பச்சையைப் பார்த்து எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொல்ல வேண்டும். நிலம் இல்லாத, இடைநிலைச் சாதிக் கூலிப் பெண்கள். நூறு நாள் வேலையில் காலனிப் பெண்களோடு சேர்ந்து ஏரிக்கரையில் மண் வெட்டுபவர்கள். கூலி ஒழுங்காக வர யார் அலைந்தது என்று அவர்களுக்குத் தெரியும். சாதியைத் தாண்டி ஓட்டு விழப்போகிறது, அதற்கு என் ஷீட் சாட்சி என்று அன்றிரவு என் ஆய்வு நெறியாளருக்குக்கூட எழுதினேன்.

மூன்று நாளில் அந்தப் பக்கத்தின் படம் ஊர்க்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் சுற்றியது. யாரிடமிருந்து போனது என்று இன்றுவரை பஞ்சாயத்து நடக்கிறது. எனக்கு அதில் அக்கறை இல்லை. திறந்து வைத்தவள் நான்.

அந்தப் பதினோரு பேரில் ஒரு அம்மாவை நடவுக்கு வர வேண்டாம் என்றார்கள். மாடு ஓட்டிப் போகும் வரப்பை அடைத்தார்கள். தேர்தலில் நாங்கள் தோற்றோம். முடிவு வந்த மறுவாரம் அவரைப் பார்க்கப் போனேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் சொன்னது ஒரே வரி: "உன்கிட்ட வாயால சொன்னேன் கண்ணு, எழுதச் சொல்லலையே."

தோழர்களே, 'ஆதரவாளர்' என்ற லேபிளை மென்பொருள் விற்கிறவர்கள் ஏதோ பாராட்டுப் பத்திரம் மாதிரி பேசுவார்கள். நம் ஊர்களில் அது புகார் மனுவாகவும் ஆகும். வாக்கு ரகசியம் என்பது ஏற்கெனவே இங்கே அரைகுறைதான். சட்டமன்ற, நாடாளுமன்றத் தேர்தல்களில் வாக்குச்சாவடி வாரியாக யாருக்கு எத்தனை வாக்கு என்று படிவம் 20இல் வெளியாகிறது. ஊரும் சேரியும் தனித்தனியாக இருக்கும் மண்ணில், காலனிக்கென்று ஒரு சாவடி இருந்தால் காலனி எப்படி வாக்களித்தது என்பது ஊருக்கே தெரியும். பல சாவடிகளின் வாக்குகளைக் கலந்து எண்ணும் 'டோட்டலைசர்' கருவியைக் கொண்டுவரச் சொல்லி 2015இல் சட்ட ஆணையம் தன் 255ஆவது அறிக்கையில் பரிந்துரைத்தது. இன்னும் வரவில்லை. 2019 ஏப்ரல் 18, வாக்குப்பதிவு நாளன்று பொன்பரப்பியில் தலித் வீடுகள் தாக்கப்பட்டதை நாம் மறக்கவில்லை. தெரு அளவில் தெரிந்ததற்கே அந்த விலை. நான் செய்தது, அதைப் பெயர் அளவுக்கு இறக்கியது.

பெரிய இடத்துக் கதையும் இதுதான். கேம்பிரிட்ஜ் அனலிட்டிகாவின் தாய் நிறுவனமான எஸ்.சி.எல்., 2012இல் ஒரு தேசியக் கட்சிக்காக உத்தரப்பிரதேசத்தில் சாதிக் கணக்கெடுத்ததாகச் சொல்லும் ஆவணத்தை, அங்கே வேலை பார்த்த கிறிஸ்டோபர் வைலி 2018இல் வெளியிட்டார். 2016 அமெரிக்கத் தேர்தலில் டிரம்ப் தரப்பின் தரவுத்தளத்தில் 'டிட்டரன்ஸ்' என்று ஒரு லேபிள் இருந்ததை 2020இல் சேனல் 4 தொலைக்காட்சி வெளிக்கொண்டு வந்தது. ஓட்டுப் போட வராமலிருந்தால் நல்லது என்று கருதப்பட்டவர்களின் பெட்டி அது. அதில் 35 லட்சம் கறுப்பின மக்கள் இருந்தார்கள் என்றது சேனல் 4. அவர்களில் ஒருவருக்கும் தன் பெயருக்குப் பக்கத்தில் அப்படி ஒரு சொல் இருப்பது தெரியாது.

இந்த இடத்தில் நீங்கள் கேட்பீர்கள்: "சாதிவாரிக் கணக்கெடுப்பு வேண்டும்னு நாமதானே கேட்கிறோம்? நம்ம ஷீட்டில் மட்டும் சாதி கூடாதா?" நியாயமான கேள்வி, நானும் இதில் கொஞ்ச நாள் தடுமாறினேன். கணக்கெடுப்பு கேட்பது, இந்தக் கூட்டத்தாரில் எத்தனை பேருக்கு நிலம், எத்தனை பேருக்கு வேலை என்று. தனி மனிதர் தந்த பதிலை வெளியிடக் கூடாது, நீதிமன்றத்தில் சாட்சியமாகவும் வைக்கக் கூடாது என்று 1948 கணக்கெடுப்புச் சட்டத்தின் 15ஆவது பிரிவு காக்கிறது. நம் ஷீட்டுக்கு அப்படி எந்தப் பூட்டும் இல்லை. எண்ணிக்கை தேவையென்றால் தெருவாரியாக ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஆளின் பெயரோடு ஒட்டாதீர்கள்.

சட்டம் காப்பாற்றும் என்றும் இருந்துவிடாதீர்கள். 2019 தரவுப் பாதுகாப்பு மசோதாவில் சாதியும் அரசியல் சார்பும் 'உணர்திறன் மிக்க' தகவல் என்று தனியாக வைக்கப்பட்டிருந்தன. 2023இல் நிறைவேறிய சட்டத்தில் அந்த வகையே இல்லை.

சரி, இப்போது நான் எப்படிச் செய்கிறேன்? ஆள் சொன்னதையும் நாம் ஊகித்ததையும் ஒரே பத்தியில் போடுவதில்லை. உண்மையில் ஊகத்தை எழுதுவதே இல்லை. 'அவங்க அந்தச் சாதி, எப்படி நமக்குப் போடுவாங்க' என்று ஒரு பையன் ஊர்த்தெருவில் நாற்பது வீட்டைச் சிவப்பாக்கியிருந்தான், அந்த வீடுகளுக்குக் கடைசிவரை யாருமே போகவில்லை. சாதி நம் பேனா வழியாகவும் வேலை செய்யும், தோழர்களே. ஒவ்வொரு லேபிளோடும் தேதியும் எழுதியவர் பெயரும் இருக்கும். ஒரு தெருவைப் பார்க்கும் தோழருக்கு அந்தத் தெரு மட்டுமே திறக்கும். 'தொடர்புகொள்ள வேண்டாம்' என்று ஒரு லேபிள் கட்டாயம், அதை மாற்ற யாருக்கும் உரிமை இல்லை. தேர்தல் முடிந்த பதினைந்தாம் நாள் 'நிலை' பத்தியை முழுக்க அழித்துவிடுகிறோம். "அடுத்த தடவை ஆகுமே" என்று யாராவது சொல்வார்கள். அடுத்த தடவை மறுபடி போய்ப் பேசலாம், கால் இருக்கிறது.

அழிக்காமல் வைத்துக்கொள்வது வேறு வகை: 'பட்டா மனு', 'முதியோர் உதவித்தொகை நிலுவை', 'நூறு நாள் கூலி வரவில்லை', 'தெருவிளக்கு'. கேட்டு, சம்மதம் வாங்கித்தான் இவற்றை எழுதுகிறோம். எழுதிய பிறகு போனைத் திருப்பி அவர்களிடமே காட்டுகிறோம், படிக்கத் தெரியாதவர்களுக்குப் படித்துக் காட்டுகிறோம். காட்டத் தயங்கும் சொல் எதுவும் ஷீட்டில் இருக்கக் கூடாது என்பதை நான் அந்த அம்மாவிடம்தான் கற்றேன்.

போன வருடம் அவர் வீட்டுக்கு மறுபடி போனேன். விதவை உதவித்தொகை நின்றுபோயிருந்தது. எழுதிக்கொள்ளட்டுமா என்றேன். "பேங்க் புக்கு நம்பரை எழுதிக்க. யாருக்கு ஓட்டுன்னு எழுதாத" என்றார். சிரிக்கவில்லை.

சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. உங்கள் பகுதியில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ஷீட்டுகளைத் திறந்து, 'சாதி' பத்தி எத்தனையில் இருக்கிறது, லிங்க் யார் யாரிடம் இருக்கிறது என்று பார்ப்போம். லேப்டாப் வைத்திருப்பவர்கள் முன்வரிசைக்கு வாருங்கள்.