காதோரம் பேசுங்கள்

கூடலூரில் பஸ் ஏறி, கம்பம், தேனி தாண்டி, க.விலக்கு அரசு மருத்துவமனைக்குப் போகிறோம். அம்மாச்சி கண் திறக்காமல் படுத்திருக்கிறார். "பேசுனா கேக்கவா போகுது?" என்று நின்றுவிடுகிறோம்.

பேசுங்கள். கேட்கக்கூடும். நினைவின்றி, கடைசி நேரத்தில் இருந்த சிலரின் மூளைகூட ஒலியை உணர்ந்ததை, 2020-ல் வெளியான கனடா ஆய்வு ஒன்று கண்டது.

கையைக் கழுவிக்கொள்ளுங்கள். காதோரம் குனியுங்கள். "அம்மாச்சி, பேத்தி வந்திருக்கேன். பெரியாத்துத் தண்ணி திறந்துட்டாக. நம்ம வயல்ல நடவு முடிஞ்சிருச்சு." இப்படி ஊர்ச்சேதி சொல்லுங்கள். பதில் வராவிட்டாலும் சொல்லுங்கள்.

கட்டிலருகே நின்று, "இனி தேறாது" என்று மட்டும் பேச வேண்டாம். பாவம், அதுவும் கேட்கக்கூடும். டாக்டரிடம் கேட்க வேண்டியதை வராந்தாவுக்கு வந்து கேளுங்கள்.