குண்டு இடது பக்கம் போனா யார் தப்பு?

கல்லல்ல இருந்து ஒரு காலேஜ் மாணவி வாய்ஸ் நோட் அனுப்பியிருக்காங்க. என்.சி.சி. கேடட். கேம்ப்ல .22 ரைஃபிள்ல அஞ்சு ரவுண்டு சுட்டிருக்காங்க. அஞ்சு ஓட்டையும் டார்கெட்டோட இடது கீழ் மூலையில, ஒரு ரூபாய் காசு ரெண்டு மூணு வச்சா மூடிடலாம், அவ்வளவு நெருக்கமா. பக்கத்துல சுட்ட பொண்ணுக்கு டார்கெட் முழுக்க ஓட்டை, ஆனா அதுல ரெண்டு நடுவுல. கூட இருந்தவங்க கை தட்டினது அந்தப் பொண்ணுக்கு. "எனக்குக் கண்ணு சரியில்லையோ அண்ணா? போலீஸுக்குப் போகணும்னு படிச்சிட்டிருக்கேன், இது செட் ஆகுமா?"ன்னு கேக்குறாங்க.

கண்ணுல கோளாறு இருந்தா குண்டு சிதறும்மா. ஒரே இடத்துல போய்க் கூடாது. உங்க அஞ்சு குண்டும் ஒண்ணா சேர்ந்திருக்குன்னா நீங்க அஞ்சு தடவையும் ஒரே மாதிரி பிடிச்சு, ஒரே மாதிரி மூச்சடக்கி, ஒரே மாதிரி ட்ரிக்கர் அழுத்தியிருக்கீங்க. கஷ்டமான வேலை அதுதான். என்.சி.சி.யில 'குரூப்பிங்' சுடும்போது ஓட்டைகள் நடுவுல இருக்கான்னு பார்க்காம, எத்தனை சென்டிமீட்டருக்குள்ள அடங்குதுன்னு அளக்கிறதே இதனாலதான். நடுவுக்குக் கொண்டுவர்றது அதுக்கு அடுத்த வேலை. அதுக்குப் பேரு ஜீரோயிங்.

ஆனா உடனே துப்பாக்கி மேல பழியைப் போடவும் முடியாது. வலது கைக்காரங்க ட்ரிக்கரை அழுத்தாம வெடுக்குனு இழுத்தா குண்டு இடது கீழ்ப் பக்கம் போகலாம். அதையே அஞ்சு தடவையும் ஒழுங்கா தப்பு பண்ணினா, அதுவும் கூட்டமாத்தான் விழும்! எப்படிக் கண்டுபிடிக்கிறது? அதே ரைஃபிளை நல்லா சுடுற இன்னொருத்தர் கையில கொடுக்கச் சொல்லுங்க. அவர் குண்டும் அதே மூலைக்குப் போச்சுன்னா ரைஃபிள்ல கோளாறு. அவருக்கு நடுவுல விழுந்து, நீங்க வேற ரைஃபிள் எடுத்தும் இடது கீழ போச்சுன்னா, உங்க விரல்ல. ரெண்டுமே சரிபண்ணக்கூடியதுதான்.

சரி, ரைஃபிள்ல கோளாறுன்னா என்ன கோளாறு? குண்டு பேரல் காட்டுற திசையில போகும். நம்ம கண்ணு, கிட்ட இருக்கிற பேக்சைட்டையும் பேரல் நுனியில இருக்கிற ஃபோர்சைட்டையும் சேர்த்து ஒரு கோடு போடும். இந்த ரெண்டு கோடும் ஒத்துப்போகணும். ஒத்துப்போகலன்னா நீங்க ஒரு இடத்தைப் பார்ப்பீங்க, பேரல் வேற இடத்தைப் பார்க்கும்.

உதாரணத்துக்கு எஸ்.எல்.ஆர். எடுத்துக்குவோம். கலெக்டர் ஆபீஸ் வாசல்லயோ பேங்க் பணம் போற வண்டியிலயோ போலீஸ்காரங்க கையில நீளமா பார்த்திருப்பீங்க. 1962 சீனப் போர்ல நம்ம படை கையில பெரும்பாலும் ஒவ்வொரு குண்டுக்கும் போல்ட்டை இழுக்கிற .303 தான் இருந்துச்சு. அதுக்கப்புறம் மேற்கு வங்காளம் இஷாப்பூர் ஃபேக்டரியில பெருசா உற்பத்தி பண்ணினது இந்த 7.62 மி.மீ. செமி ஆட்டோமேட்டிக். பெல்ஜியத்து எஃப்.ஏ.எல். ரைஃபிளோட வம்சம்.

இந்தக் குடும்பத்துல பேரலை உடம்புக்குள்ள மரை போட்டுத் திருகித்தான் மாட்டுவாங்க. குழாய்க்கு எல்போ மாட்டுற பிளம்பரைப் பார்த்திருப்பீங்கல்ல? இறுக்கிட்டே வரும்போது டேப்போட வாய் நேரா நிக்க வேண்டிய இடத்துல இறுக்கமும் சரியா வந்து முடியணும். கொஞ்சம் முன்னாடியே இறுகிட்டா வாய் ஒரு பக்கம் திரும்பியிருக்கும். இங்கயும் அதே கதை. ஃபோர்சைட் பேரலோட சேர்ந்தே சுத்தும். பேரல் இறுகி நிக்கும்போது ஃபோர்சைட் கடிகாரத்துல 12 மணி மாதிரி நிமிர்ந்து நிக்கணும். அதுக்காக பிரிட்டிஷ் டிசைன்ல வெவ்வேற தடிமன்ல வாஷர் வச்சிருந்தாங்க. எது சரியா வருதோ அதைப் போட்டு மாட்டுவாங்க.

ரெண்டே டிகிரி தப்பினா என்ன ஆகும்? பேரல் நடுவுல இருந்து ஃபோர்சைட் நுனி 3 செ.மீ. உயரம்னு வச்சுக்குவோம். 2 டிகிரி சாய்ஞ்சா நுனி பக்கவாட்டுல 1 மி.மீ. நகரும். நகத்தோட கனம்தான். எஸ்.எல்.ஆர்.ல ரெண்டு சைட்டுக்கும் நடுவுல சுமார் 55 செ.மீ. இடைவெளி. அப்போ அந்த 1 மி.மீ. 100 மீட்டர்ல சுமார் 18 செ.மீ. ஆயிடும். 300 மீட்டர்ல 54 செ.மீ. மார்புக்கு நடுவுல குறி வச்சவன் குண்டு ஆளைத் தொடாமலே போயிடும். பின்னாடி யாராவது நின்னா? போலீஸ்காரர் கையில இருக்கிற ரைஃபிள்னா இந்தக் கேள்விக்குத்தான் முதல்ல பதில் வேணும். ஏ.கே. வகையில சைட் இடைவெளி இன்னும் கம்மி, 38 செ.மீ. பக்கம். அதே 1 மி.மீ. அங்க 100 மீட்டருக்கு 26 செ.மீ.

ஏ.கே.ன்னதும் நம்ம ஊர் ரயில் பாதை ஞாபகம் வருது. கல்லல் ஸ்டேஷன்ல ஏறினா காரைக்குடி, புதுக்கோட்டை தாண்டி திருச்சி. அங்க 1966-ல வந்த படைக்கலத் தொழிற்சாலைதான் இன்சாஸும், 'திருச்சி அசால்ட் ரைஃபிள்'னு ஏ.கே. வகை ஒண்ணும் செய்யுற இடம். ஏ.கே. வகையில ஃபோர்சைட்டைத் தனி பிளாக்கா செஞ்சு, பேரல் மேல அழுத்தி ஏத்தி, பின் அடிச்சு நிறுத்துவாங்க. ஏத்தும்போது கோணினா கோணினதுதான். உலகம் முழுக்க ஏ.கே. வச்சிருக்கிறவங்க புலம்புற விஷயம் இது.

திருத்துறதுக்கு ஒரு விதி இருக்கு, கேக்க விசித்திரமா இருக்கும். குண்டு எந்தப் பக்கம் போகுதோ, ஃபோர்சைட்டையும் அந்தப் பக்கமே நகர்த்தணும். இடது பக்கம் போனா இடது பக்கம். கீழ போனா கீழ. தப்பைத் துரத்திட்டுப் போற மாதிரி. ஏன்னா ஃபோர்சைட் இடது பக்கம் போனா, அதைத் திரும்ப நேர்கோட்டுக்குக் கொண்டுவர நீங்க பேரலை வலது பக்கம் திருப்புவீங்க. பேக்சைட்டுக்கு இது தலைகீழ். எஸ்.எல்.ஆர்.ல உயரத்துக்கு ஃபோர்சைட்டைத் திருகணும், இடது வலதுக்கு பேக்சைட்டைத் தள்ளணும். ஏ.கே.ல ரெண்டுமே முன்னாடிதான்.

என் கருத்தைச் சொல்லிடுறேன். யூட்யூப்ல சில வெளிநாட்டு அண்ணன்மார் ஃபோர்சைட் முடி அளவு சாய்ஞ்சாலே பேரலைக் கழட்டணும்னு குதிப்பாங்க. தேவையே இல்லை. முன்னாடி 1 மி.மீ. தள்ளியிருக்கிறதுக்குப் பின்னாடியும் 1 மி.மீ. தள்ளினா ரெண்டு கோடும் பக்கம் பக்கமா இணையா ஓடும். வித்தியாசம் எவ்வளவு தூரத்துக்கும் அதே 1 மி.மீ.தான். சைட்டைத் தள்ள இடமே இல்லாத அளவு சாய்வு இருந்தாத்தான் பேரல் வரைக்கும் போகணும். அதுவும் ஆர்மரர் வேலை. ஏன்னா பேரல் உக்காருற ஆழம் மாறினா தோட்டா உள்ள உக்காருற அளவும் மாறிடும், அது முகத்துக்குப் பக்கத்துல வெடிக்கிற சமாச்சாரம். பேரலே வளைஞ்சிருந்தா, அதையும் ஆர்மரர்தான் பார்க்கணும். கேடட் கையில ஸ்க்ரூடிரைவர் எதுக்கு?

இதே சோதனை ஒலிம்பிக் ஃபைனல் அன்னைக்கு ஒருத்தருக்கு வந்துச்சு. 2008 பெய்ஜிங், 10 மீட்டர் ஏர் ரைஃபிள், அபினவ் பிந்த்ரா. ஃபைனலுக்கு முந்தின சோதனைச் சுடுதல்ல அவர் குண்டு நடுவை விட்டு எங்கேயோ போச்சு. நானா இருந்தா கை நடுங்கியிருக்கும். அவர் தன் சுடுதலை நம்பினார். சைட்தான் நகர்ந்திருக்குன்னு முடிவு பண்ணி, கிளிக் கிளிக்கா திருத்தினார். 700.5 புள்ளி, தங்கம். நம்ம நாட்டோட முதல் தனிநபர் ஒலிம்பிக் தங்கம்.

கடைசியா பலூன் கடை. "திருவிழாவுல அந்தத் துப்பாக்கி சைட்டை வேணும்னே வளைச்சு வச்சிருப்பாங்க"ன்னு எல்லாருமே சொல்லுவோம். கணக்குப் போட்டுப் பாருங்க. பலூன் 4 மீட்டர் தூரம், சைட் இடைவெளி 40 செ.மீ. 1 மி.மீ. தப்புக்கு 1 செ.மீ.தான் தள்ளிப்போகும். பலூன் அதைவிட எவ்வளவோ பெருசு. தப்பணும்னா சைட் கண்ணுக்கே தெரியுற அளவு கோணியிருக்கணும். எனக்குச் சந்தேகம், மடக்கித் திறக்கிற இடத்துல இருக்கிற கீல் மேல. நாள் பூரா நூறு பேர் மடக்கி மடக்கி லூஸாயிடும், பேரல் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு இடத்துல உக்காரும். அதுக்கு எந்த சைட்டைத் திருத்தியும் பிரயோஜனம் இல்லை. அடுத்த திருவிழாவுல முதல் மூணு குண்டை ஒரே பலூனோட ஒரே இடத்தைப் பார்த்துச் சுடுங்க. மூணும் ஒரே பக்கம் போச்சுன்னா நாலாவதுக்கு அதுக்கு எதிர்ப்பக்கம் குறி வைங்க. மூணும் மூணு பக்கம் போச்சுன்னா மிச்சக் காசுக்கு டெல்லி அப்பளம் வாங்கிச் சாப்பிடுங்க.

அடுத்த வாரம் பார்ப்போம்.