நம் பிள்ளைகளின் கதாநாயகர்கள்

(நமது பள்ளிவாசல் மக்தப் மத்ரஸாவின் ஆண்டு விழாவில் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

நமக்குத் தரப்பட்ட தலைப்பு 'பிள்ளை வளர்ப்பு'. அதைப் பொதுவாகப் பேசினால் நீங்கள் தலையசைத்துக் கேட்டுவிட்டு எழுந்து சென்றுவிடுவீர்கள். ஆகவே அதில் ஒரு சிறு பகுதியை மட்டும், நாமே தவறு செய்த ஒரு பகுதியை மட்டும், இன்று எடுத்துக்கொள்கிறோம்.

கடந்த ஆண்டு மழைக்காலத்தில் ஒரு மாலை. மக்தப் தொடங்கும் நேரம். எட்டு வயது மாணவன் ஒருவன் மஞ்சள் நிறப் பனியன் அணிந்து வந்தான். அதன் நெஞ்சு முழுவதும் சோட்டா பீம் லட்டு தின்றுகொண்டிருந்தான். உருவம் பொறித்த ஆடையுடன் தொழுவது மக்ரூஹ் என்பது ஃபிக்ஹ் நூல்கள் கூறும் சட்டம். அதை நாம் சொல்லியே ஆக வேண்டும். ஆனால் சொன்ன விதம் வேறு. அனைவர் முன்னிலையிலும் அவனை எழுப்பி நிறுத்தி, பனியனைக் கழற்றி உட்புறம் வெளியே வருமாறு அணியச் செய்தோம். "பள்ளிவாசலுக்கு லட்டுத் தின்ன வந்தாயா?" என்றும் கேட்டோம். பிள்ளைகள் சிரித்தார்கள். நாமும் சிரித்தோம். மறுநாள் அவன் வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. அவனுடைய அத்தா இரவு ஷிப்டில் தறி ஓட்டுபவர். தாயார் வீட்டில் தார் சுற்றுபவர். பிள்ளை மக்தபுக்குப் போகிறான் என்று அவர் நினைத்திருக்க, பிள்ளைக்கு உடம்பு சரியில்லை போலும் என்று நாம் நினைத்திருக்க, நாற்பது நாட்கள் கடந்துவிட்டன. அந்த நாற்பது நாளும் அவனுக்குத் துணையாக இருந்தது ஒரு செல்போன்.

இதில் நமக்கு வெட்கம் தரும் செய்தி ஒன்று உண்டு. நாமும் ஒரு காலத்தில் இதே போல் பிடிபட்டவர்தாம். மத்ரஸாவில் முதலாம் ஆண்டு ஓதியபோது, மீஜான் கிதாபுக்குள் ராணி காமிக்ஸை வைத்துப் படித்துக்கொண்டிருந்தோம். உஸ்தாத் அவர்கள் வந்து கிதாபைப் பிரித்தபோது உள்ளே குதிரைமேல் முகமூடி வீரர் மாயாவி அமர்ந்திருந்தார். பிரம்படி நிச்சயம் என்று கையை நீட்டினோம். உஸ்தாத் ஒன்றும் சொல்லாமல் புத்தகத்தை வாங்கிச் சென்றார்கள். மறுநாள் காலை திருப்பித் தந்து, "இரவே படித்து முடித்துவிட்டோம். இவர் அடிக்கிறார், ஓடுகிறார், குதிக்கிறார், தேடுகிறார். இந்த நான்கு வினைகளையும் அரபியில் பதினான்கு ஸீகாக்களாக எழுதிக்கொண்டு வாரும்" என்றார்கள். இன்றுவரை அந்த நான்கு வினைகள் நமக்கு மறக்கவில்லை. அப்படிப்பட்ட உஸ்தாதிடம் ஓதியவர்தாம் எட்டு வயதுப் பிள்ளையைப் பார்த்துச் சிரித்தோம்.

இந்தக் கதாபாத்திரங்களை நாம் ஏதோ நேற்று முளைத்த காளான்களாக எண்ணுகிறோம். அவ்வாறில்லை. இந்தக் கூட்டத்தில் அறுபது வயதைக் கடந்த பெரியோர்களைக் கேட்கிறோம்: இரும்புக்கை மாயாவியை அறியாதவர் உங்களில் எத்தனை பேர்? 1972ஆம் ஆண்டில் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் என்னும் வெளியீடு தொடங்கியபோது அதன் முதல் கதாநாயகன் அவன்தான். இங்கிலாந்தில் 1962இல் 'வேலியண்ட்' என்னும் வார இதழில் பிறந்தவன். விபத்தில் கையை இழந்து இரும்புக் கை பொருத்தப்பட்டவன். உடலில் மின்சாரம் பாய்ந்தால் அந்தக் கை மட்டும் தெரியும். ஏனைய உடல் மறைந்துவிடும். மூலக் கதையில் அவன் தொடக்கத்தில் தீயவழியில் சென்றவன். பின்னரே திருந்தி நன்மையின் பக்கம் வந்தான். 1984இல் அதே சிவகாசியிலிருந்து லயன் காமிக்ஸ் வந்தது. இத்தாலியிலிருந்து டெக்ஸ் வில்லரும் பெல்ஜியத்திலிருந்து லக்கி லூக்கும் தமிழ் பேசிக்கொண்டு நம் பெட்டிக்கடைகளில் வந்து தொங்கினார்கள்.

அதற்கும் முன்னே, 1947இல் சென்னையிலிருந்து அம்புலிமாமா. வாளேந்திய விக்கிரமாதித்தன் வேதாளத்தைத் தோளில் சுமந்து சுடுகாட்டில் நடந்துவரும் படத்தை வரைந்த ஓவியர் சங்கர் என்னும் கே.சி. சிவசங்கரன் நம் கொங்கு மண்ணில், தாராபுரம் பகுதியில் 1924இல் பிறந்தவர். 2020இல் மறைந்தார், அடுத்த ஆண்டு பத்மஸ்ரீ விருது அவருக்கு அறிவிக்கப்பட்டது. வேதாளம் எவ்வளவு அச்சமூட்டுவதாயினும் நம் தாய்மார்கள் அந்தப் புத்தகத்தைப் பிள்ளைகளிடமிருந்து பறித்ததாக நாம் கேள்விப்பட்டதில்லை. ஏனெனில் அவர்களும் படித்தார்கள். வேதாளம் கேட்கும் கேள்விக்கு என்ன விடை என்று வீட்டில் வாதம் நடக்கும். வீட்டார் அனைவருக்கும் அறிமுகமான வேதாளம் அது.

நமது ஊர்த் தொழிலோடு ஒப்பிட்டு ஒன்று சொல்கிறோம். டிசைன் வரைபவர்கள் கவனிக்க வேண்டும். சேலையில் ஒரு மயிலைக் கொண்டுவர முதலில் கட்டம் போட்ட தாளில் கட்டம் கட்டமாக நிரப்புகிறீர்கள். பின்பு அதற்கேற்ப அட்டையில் துளையிட்டு ஜக்கார்டில் ஏற்றுகிறீர்கள். கட்டம் குறைந்தால் மயிலின் கண் காணாமற்போகும். கண் தெரிய வேண்டுமானால் வேறு ஏதேனும் உபாயம் செய்ய வேண்டும். உலகமெங்கும் பிள்ளைகள் அறிந்த மாரியோ என்னும் வீடியோ கேம் வீரனும் இப்படியே பிறந்தான். 1981இல் ஜப்பானில் மியாமோட்டோ என்பவர் அவனை வரைந்தபோது பதினாறு கட்டங்களின் உயரமே அவருக்கு இருந்தது. அதற்குள் வாயை வரைய முடியவில்லை. ஆகவே பெரிய மீசை. தலைமுடியை வரைய முடியவில்லை, ஆகவே தொப்பி. கை அசைவது தெரிய வேண்டும். ஆகவே உடலுக்கு ஒரு நிறம், கைக்கு ஒரு நிறம். நம் ஊர் டிசைன்காரர் ஒருவரிடம் இதைச் சொன்னோம். "ஹஜ்ரத், இது நாங்கள் நாள்தோறும் படுகிற பாடு" என்றார். இவ்வாறு அறிவும் உழைப்பும் சேர்ந்து உருவாக்கியதைப் பிள்ளை வியந்து பார்ப்பதில் என்ன வியப்பு இருக்கிறது?

அப்படியானால் எல்லாமே நல்லவையா என்று கேட்பீர்கள். இல்லை. ஆனால் எது தீயது என்று சொல்வதற்குப் பார்த்திருக்க வேண்டும். ஷின்சான் என்னும் ஜப்பானியச் சிறுவனின் தொடர் தமிழிலும் ஒளிபரப்பானது. அவன் பெரியவர்களிடம் பேசும் பேச்சும் செய்யும் சேட்டையும் கண்டு பெற்றோர்கள் முறையிட்டார்கள். 2008இல் மத்திய அரசு அதற்குத் தடை விதித்தது. பின்னர் சில பகுதிகள் நீக்கப்பட்டு மீண்டும் வந்தது. இன்று கைபேசியில் எந்த வீட்டில் அவன் இல்லை? தடை தொலைக்காட்சியை எட்டியது, பிள்ளையை எட்டவில்லை. 1997இல் தூர்தர்ஷனில் தொடங்கிய சக்திமான் தொடரையும் நினைவுகூர்வோம். சக்திமான் வந்து காப்பாற்றுவான் என்று நம்பிச் சிறுவர்கள் ஆபத்தான செயல்களில் இறங்கியதாக அன்று செய்திகள் வந்தன. அதன் நாயகரான முகேஷ் கன்னா திரையில் தோன்றி, இவ்வாறு செய்யாதீர்கள் என்று பிள்ளைகளிடம் தாமே பேச வேண்டியதாயிற்று. வீட்டில் பக்கத்தில் அமர்ந்து சொல்ல ஆளில்லாத குறையை அந்த நடிகர் தீர்க்க வேண்டியிருந்தது!

நம்மைப் பொறுத்தவரை உண்மையான அச்சம் வேறு இடத்தில் இருக்கிறது. காமிக்ஸில் கடைசிப் பக்கம் உண்டு. அங்கே 'முற்றும்' என்று போட்டிருப்பார்கள். கார்ட்டூனும் இருபது நிமிடத்தில் முடியும். இன்றைய கைபேசி விளையாட்டில் 'முற்றும்' என்பதே கிடையாது. ஒரு தீவில் நூறு பேர் குதிக்கிறார்கள், ஒருவர் எஞ்சுகிறார், உடனே அடுத்த ஆட்டம். 2020 செப்டம்பர் 2ஆம் நாள் பப்ஜி உள்ளிட்ட 118 செயலிகளை அரசு தடை செய்தது. அதற்கான காரணம் நாட்டின் பாதுகாப்பு. நம் பிள்ளைகளின் தூக்கம் அல்ல. 2021இல் அதே விளையாட்டு வேறு பெயரில் வந்து சேர்ந்தது. 2022 பிப்ரவரியில் ஃப்ரீ ஃபயர் என்னும் விளையாட்டும் தடைப் பட்டியலில் சேர்ந்தது. தடை செய்த நாளில் நம் தெருவில் பிள்ளைகள் முகம் வாடி நின்றதைப் பார்த்தோம். ஒரு வாரத்தில் வேறொன்றைக் கண்டுபிடித்துவிட்டார்கள்.

இவற்றில் ஆடுவதற்குக் காசு இல்லை. ஆனால் தன் வீரனுக்கு அழகான சட்டை, தொப்பி, துப்பாக்கிக்கு வண்ணம் வேண்டுமானால் உண்மையான பணம் கட்ட வேண்டும். நம் ஊர்ப் பெற்றோர் ஒருவர் கண்கலங்க வந்து சொன்னார்: இரு வாரக் கூலி கைபேசி வழியாகச் சிறுகச் சிறுகப் போயிருக்கிறது. எங்கே என்று தேடினால், மகன் அந்த வீரனுக்கு உடை வாங்கியிருக்கிறான். எண்ணிப் பாருங்கள்! ஊருக்கெல்லாம் சேலை நெய்து அனுப்பும் இளம்பிள்ளையில், தொட்டுப் பார்க்க முடியாத ஒரு சட்டைக்காக அத்தாவின் தறிக்கூலி போயிருக்கிறது. அந்தச் சிறுவனை அடிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டோம். கைபேசியின் பணக் கணக்குக்கான கடவு எண்ணை மாற்றச் சொன்னோம். பிள்ளைக்கு அந்த எண் எப்படித் தெரிந்தது என்று கேட்டால், மளிகைக் கடைக்கு அனுப்பும்போது தாமே சொன்னதாகத் தந்தை கூறினார்.

வேறு நாட்டு முஸ்லிம்கள் என்ன செய்தார்கள் என்பதையும் சற்றுப் பார்க்கலாம். மலேசியாவில் 2007ஆம் ஆண்டு ரமளானில், நோன்பைப் பிள்ளைகளுக்கு விளக்குவதற்காக ஒரு சிறு கார்ட்டூன் தொடரைத் தயாரித்தார்கள். உபின், இபின் என்னும் இரட்டைச் சிறுவர்கள், பெற்றோரை இழந்தவர்கள், பாட்டியும் அக்காவும் வளர்க்கிறார்கள். அவர்களுடைய தோழர்களில் மலாய், சீனப் பிள்ளைகளுடன் ராஜு என்னும் தமிழ்ச் சிறுவனும் இருக்கிறான். உணவுக்கடை நடத்தும் முத்து என்னும் தமிழரும் வருகிறார். பாகிஸ்தானில் 2013இல் வந்த தொடரில் பெண்கள் பள்ளியை மூட வருபவர்களை ஓர் ஆசிரியை புத்தகத்தையும் பேனாவையும் ஆயுதமாக்கி எதிர்க்கிறாள். இவற்றின் நிறைகுறைகளை ஆலிம்கள் பேசட்டும். பிள்ளையின் மனத்தில் இருக்கும் அந்த இடத்தை வெறுமையாக விட்டால் அது வெறுமையாகவே இருந்துவிடாது என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

இனி அந்த மாணவனிடம் வருவோம். நாற்பதாம் நாள் அவன் வீட்டுக்குச் சென்றோம். திண்ணையில் கைபேசியுடன் இருந்தான். நம்மைக் கண்டதும் அதை மறைத்தான். அவன் அருகில் அமர்ந்து, "தம்பி, அன்று உன்னைப் பார்த்துச் சிரித்தது தவறு. அந்த லட்டுக்காரன் யார்? எனக்கும் காட்டு" என்றோம். நெடுநேரம் பேசவில்லை. பிறகு ஒரு கதையை ஓடவிட்டான். டோலக்பூர் என்னும் ஊர், ஓர் அரசர், பேசும் குரங்கு ஒன்று, எப்போதும் வம்புக்கு வரும் காலியா. "காலியா கெட்டவனா?" என்று கேட்டோம். "இல்லை ஹஜ்ரத், அவன் கெட்டவன் மாதிரி; ஆபத்து வந்தால் பீமோடு சேர்ந்துகொள்வான்" என்றான். ஒரு மனிதரை இவ்வளவு நுட்பமாக எடைபோட நம் கூட்டங்களில் நாமே பலமுறை தவறியிருக்கிறோம்.

அன்று இரவு திரும்பி வரும்போது அபூதாவூதில் பதிவாகியுள்ள அந்தச் செய்தி நினைவுக்கு வந்தது. அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் விளையாட்டுப் பொம்மைகளுக்கிடையே துணியால் செய்த இறக்கைகளோடு ஒரு குதிரை இருந்தது. அது என்னவென்று நபி (ஸல்) அவர்கள் கேட்டார்கள். குதிரைக்கு இறக்கையா என்றும் வியந்தார்கள். ஸுலைமான் நபியின் குதிரைகளுக்கு இறக்கை இருந்ததைக் கேள்விப்பட்டதில்லையா என்று அன்னையார் திருப்பிக் கேட்க, கடைவாய்ப் பற்கள் தெரியும் அளவுக்கு நபியவர்கள் சிரித்தார்கள். இருபது ஆண்டுகளாக இதை நாம் ஓதிக்கொடுத்து வருகிறோம். அவர்களும் சிரித்தார்கள், நாமும் அந்த மாலையில் சிரித்தோம். இரண்டு சிரிப்புக்கும் இடையிலுள்ள தூரத்தை அன்றுதான் அளந்து பார்த்தோம்.

அவன் மறுநாள் வரவில்லை. நான்காம் நாள் வந்தான். வாசலிலேயே நின்றான்; அதே மஞ்சள் பனியன். வேண்டுமென்றே அணிந்து வந்தானா, வேறு துவைத்த துணி இல்லையா என்று நாம் கேட்கவில்லை.

தொழுகைச் சட்டம் மாறவில்லை. அதற்காக நமது ஜமாஅத்தைச் சேர்ந்த தறி உரிமையாளர் ஒருவர் வெள்ளைத் துணி தந்தார். தையற்கடைச் சகோதரர் கூலி வாங்காமல் பன்னிரண்டு சிறிய ஜிப்பாக்கள் தைத்துக் கொடுத்தார். அவை ஒளூச் செய்யும் இடத்துக்கு அருகே ஆணியில் தொங்குகின்றன. உருவமுள்ள சட்டையோடு வரும் பிள்ளை, யாரும் சொல்லாமலே அதை மேலே அணிந்துகொண்டு தொழலாம். முடிந்ததும் கழற்றி மாட்டிவிட வேண்டும். துவைக்கும் பொறுப்பை வாரம் ஒரு வீடு ஏற்றிருக்கிறது. இரண்டு வாரங்களுக்கு இன்னும் ஆள் கிடைக்கவில்லை, தாய்மார்கள் பெயர் கொடுக்கவும்.

மக்தபின் பின்புற அறையில் ஓர் அலமாரியும் நிர்வாகக் குழுவினர் வைத்துத் தந்திருக்கிறார்கள். பிள்ளைகள் படிக்கத்தக்க கதைப் புத்தகங்கள், படக்கதைகள், பழைய அம்புலிமாமா ஆகியவை வீட்டில் இருந்தால் தரலாம். தருவதற்கு முன் தாங்கள் ஒருமுறை படித்துவிட்டுத் தர வேண்டும் என்பதே நிபந்தனை. சாவி மோதினார் அவர்களிடம் இருக்கிறது. முதல் புத்தகமாக நம்மிடம் எஞ்சியிருந்த மாயாவி கதை ஒன்றை வைத்தோம். அட்டை கிழிந்திருக்கிறது, உள்ளே பக்கங்கள் சரியாக உள்ளன.