படுத்துத் தூக்குவதும் நின்று தூக்குவதும்

(முன்னாள் மாணவர் சங்கக் கூடுகையில் ஆற்றிய உரை. பேச்சு நடை சில இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)



செயலாளர் போனில் கூப்பிட்டு, "மாணவர்களுக்குப் பயன்படற மாதிரி இருபது நிமிஷம் பேசணும்ப்பா" என்றார். எதைப் பற்றி என்று கேட்டேன். "உனக்குத் தெரிஞ்சதை" என்றார். அதில்தான் சிக்கல். எனக்குத் தெரிந்தது இரண்டே விஷயம். ஒன்று லேத் பட்டறை, இன்னொன்று இரும்பு தூக்குவது. லேத்தைப் பற்றிப் பேசினால் பாதிப் பேர் சாப்பாட்டுக்கு எழுந்து போய்விடுவீர்கள். ஆகவே பெஞ்சைப் பற்றிப் பேசுகிறேன். உட்காருகிற பெஞ்ச் அல்ல, படுக்கிற பெஞ்ச்.

போன மாதம் இந்த விழா வேலையாக இங்கே வந்திருந்தேன். பழைய சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் உடற்பயிற்சிக் கூடம் ஒன்று வந்திருக்கிறது. உள்ளே இரண்டு தம்பிகளுக்குள் வாக்குவாதம். ஆவடியிலிருந்து வருகிற தம்பி பெஞ்ச் பிரஸ் 100 கிலோ போடுகிறான், டெட் லிஃப்ட் 110. பூந்தமல்லித் தம்பிக்கு பெஞ்ச் 65 தான், ஆனால் டெட் லிஃப்ட் 140. இருவருக்கும் உடல் எடை எழுபதை ஒட்டி. என்னைப் பார்த்ததும், "சார், நீங்க சொல்லுங்க, எங்க ரெண்டு பேர்ல யார் ஸ்ட்ராங்?" என்றார்கள். கூட்டிப் பார்த்தால் 210-ம் 205-ம். ஏறக்குறைய சமம் என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டியிருக்கலாம். ஆனால் இந்தக் கேள்வியோடு எனக்கு முப்பது வருஷத்துக்கு மேல் உறவு.

முன்வரிசைப் பெரியவர்களுக்காக இரண்டையும் சொல்லிவிடுகிறேன். பலகையில் மல்லாந்து படுத்து, தாங்கியில் இருக்கும் பாரை எடுத்து மார்பு வரை இறக்கி, மறுபடியும் கை நீளத் தள்ளுவது பெஞ்ச் பிரஸ். தரையில் கிடக்கும் பாரைக் குனிந்து பிடித்து நிமிர்ந்து நிற்பது டெட் லிஃப்ட். வீட்டில் இருபது லிட்டர் தண்ணீர் கேனைத் தூக்கி ஸ்டாண்டில் கவிழ்க்கிறீர்களே, அதில் முதல் பாதி டெட் லிஃப்ட்தான். முதல் வகையில் நெஞ்சு, தோளின் முன்பக்கம், கையின் பின்பக்கச் சதை ஆகியவை வேலை செய்கின்றன. இரண்டாவதில் தொடை, பிட்டம், முதுகு முழுவதும், விரல் பிடி. உடம்பிலுள்ள பெரிய தசைகள் எல்லாம் கூடி இழுப்பதால், டெட் லிஃப்ட்டில் எடை கூடுதலாக வருவதுதான் இயல்பு.

1988-ல் நான் இங்கே பி.எஸ்சி. சேர்ந்தபோது கல்லூரியில் ஜிம் கிடையாது. அம்பத்தூர் ஓ.டி. பக்கம் ஓட்டுக் கொட்டகை ஒன்றில் ஒரு கூடம் இருந்தது. சுவரில் ஆர்னால்டு, பக்கத்தில் அனுமார், எதிரே ரசம் போன ஒரு கண்ணாடி. எங்கள் கனவெல்லாம் ஆணழகன் போட்டி. கண்ணாடியில் தெரிவது நெஞ்சும் புஜமும்தானே? திங்கட்கிழமை நெஞ்சு, வியாழக்கிழமை மறுபடியும் நெஞ்சு. யாராவது டெட் லிஃப்ட் என்று வாயைத் திறந்தால், "இடுப்பு பிடிச்சுக்கும்", "குடல் எறங்கிடும்" என்று நாலு பேர் பயமுறுத்துவார்கள். நானும் அந்த நாலு பேரில் ஒருவன்.

படிப்பு முடிந்து தொழிற்பேட்டையில் ஒரு சிறிய பட்டறையில் சேர்ந்தேன். 1993-ல் என் பெஞ்ச் பிரஸ் 105 கிலோ. ஒரு சாயங்காலம், 60 கிலோ இருக்கும், கியர் பாக்ஸ் கூடு ஒன்று தரையில் கிடந்தது. லோடு ஏற்றுகிற அண்ணன் டீ குடிக்கப் போயிருந்தார். "நூத்தஞ்சு போடறவனுக்கு அறுபது ஒரு கணக்கா?" என்று முதுகை வில்லாக வளைத்து இழுத்தேன். கூடு ஒரு சாண் எழும்பியது. இடுப்பில் பட்டென்று ஒன்று. அதற்குப் பிறகு மூன்று மாதம் பாயிலேயே. டிஸ்க் விலகியிருக்கிறது என்றார் டாக்டர். பெண் பார்க்கப் போவதாக இருந்த இடத்திற்கு, "மாப்பிள்ளைக்கு முதுகு சரியில்லையாம்" என்று எப்படியோ தகவல் போய், அந்தப் பேச்சும் நின்றது. (அது நல்லதற்குத்தான் என்று என் துணைவியார் மூன்றாவது வரிசையில் தலையாட்டுகிறார்.)

அந்த லோடுமேன் அண்ணன் ஒரு நாள் ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தார். மெலிந்த உடம்பு, 55 கிலோ இருந்தால் அதிகம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "தம்பி, நீ படுத்துக்கிட்டுத் தூக்குற ஆளு. பூமியில கெடக்குற சாமானுக்கு அது ஆவுமா?"

எனக்குக் கோபம்தான் வந்தது. எழுந்து நடமாட ஆரம்பித்ததும், அவரைக் கொட்டகைக்கு அழைத்துப் போனேன். உண்மையைச் சொன்னால், அவரை மட்டம் தட்டத்தான். பெஞ்சில் படுக்க வைத்தேன். 45 கிலோவை இரண்டு முறை தள்ளுவதற்குள் கை நடுங்கியது. பையன்கள் சிரித்தார்கள். அப்புறம் தரையில் பாரை வைத்தோம். மூட்டைக்கு முன்னால் நிற்கிற மாதிரியே நின்றார். கால் அகட்டி, சாமானை உடம்போடு ஒட்ட வைத்து, முதுகு நேராக, வயிறு இறுக, மூச்சை அடக்கி. 100 எழுந்தது. 120 எழுந்தது. 140-ம் எழுந்தது. அதற்கு மேல் கொட்டகையில் பிளேட் இல்லை. சிரித்த பையன்கள் பாரிலிருந்து பிளேட்டைக் கழற்றத் தொடங்கினார்கள், யாரும் யாரையும் பார்க்கவில்லை.

அந்த மனிதர் சின்ன வயசிலிருந்து 75 கிலோ அரிசி மூட்டையோடு வாழ்ந்தவர். ஆண் தொழிலாளி ஒருவர் கையால் தூக்கும் சுமைக்கு அனுமதி 55 கிலோவுக்கு மேல் இருந்தால் அதைக் குறைக்க வழி செய்ய வேண்டும் என்று சர்வதேச தொழிலாளர் அமைப்பு 1967-லேயே பரிந்துரைத்தது. அது அவருக்கும் தெரியாது, அவரை வேலைக்கு வைத்தவர்களுக்கும் தெரியாது. ஆகவே அவர் டெட் லிஃப்ட் கணக்கை நான் கொண்டாட்டமாகச் சொல்லவில்லை. அது பயிற்சியால் வந்த பலம் அல்ல, பிழைப்பால் வந்த பலம். அவருக்கும் முழங்கால் போயிருந்தது.

சரி, சாதாரணமாகப் பயிற்சி செய்கிறவனுக்கு எது நியாயமான விகிதம்? பவர்லிஃப்டிங் என்று தனிப் போட்டியே உண்டு. ஸ்குவாட், பெஞ்ச் பிரஸ், டெட் லிஃப்ட் மூன்றிலும் தலா மூன்று வாய்ப்பு, மூன்றின் சிறந்த எடைகளையும் கூட்டி வெற்றி. இதற்கான சர்வதேச சம்மேளனம் 1972-ல் உருவானது. ஒலிம்பிக்கில் இருப்பது வேறு. நம் வேலூர் சதீஷ் சிவலிங்கம் 2014-ல் கிளாஸ்கோவிலும் 2018-ல் கோல்ட் கோஸ்ட்டிலும் காமன்வெல்த் தங்கம் வாங்கியது ஸ்நாட்ச், கிளீன் அண்ட் ஜெர்க்கில். பவர்லிஃப்டிங் பழகுகிறவர்கள் வாய்க்கணக்காகச் சொல்வது: பெஞ்ச் மூன்று பங்கு என்றால் ஸ்குவாட் நாலு, டெட் லிஃப்ட் ஐந்து. அதாவது பெஞ்ச் 90 என்றால் டெட் லிஃப்ட் 150. உலகத்தின் உச்சியில்கூட இது ரொம்ப மாறுவதில்லை. எட்டி ஹால் 2016-ல் 500 கிலோ டெட் லிஃப்ட் தூக்கினார். ஜூலியஸ் மாடக்ஸ் 2021-ல் 355 கிலோ பெஞ்ச் பிரஸ் போட்டார். ஆட்களும் வேறு, விதிகளும் வேறு. முன்னவர் மணிக்கட்டில் பட்டை கட்டியிருந்தார். என்றாலும் விகிதம் 1.4 வருகிறது. என் கண்ணில் பட்டவரை, ஒழுங்காக இரண்டையும் பழகும் பையனுக்கு இது ஒன்றே கால் முதல் ஒன்றே முக்கால் வரை இருக்கும். நீளக் கைக்காரனுக்கு டெட் லிஃப்ட் கூடும், பெஞ்ச் குறையும். குட்டைக் கைக்கு நேர்மாறு. அது அப்பா அம்மா கொடுத்தது, அதில் சண்டை போட ஒன்றுமில்லை.

தங்கைகள் இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சராசரியாகப் பெண்களுக்கு மேலுடம்பு பலம் ஆண்களில் ஏறக்குறைய பாதி, கீழுடம்பு பலம் மூன்றில் இரண்டு பங்கு. ஒரு பையன் பெஞ்ச் 80, டெட் லிஃப்ட் 120 என்றால், அதே அளவு பழகிய பெண்ணுக்கு 40-ம் 80-ம் வரலாம். பையனுக்கு ஒன்றரை மடங்கு, பெண்ணுக்கு இரண்டு மடங்கு. பெஞ்சில் பார் நகரவில்லை என்று ஜிம்மை விட்டுப் போகிற பெண்கள், தரையிலிருந்து தொடங்கியிருந்தால் போயிருக்கமாட்டார்கள்.

இப்போது அளவுக்கு வருகிறேன். நம் பையன்கள் சொல்லும் எடையில் பாதிச் சண்டை அளவில்தான். பெஞ்ச் பிரஸ்ஸில் ஸ்பாட்டர் என்று ஒருத்தன் தலைமாட்டில் நிற்பான். "நான் தொடவே இல்லடா, எல்லாம் நீதான்!" என்று கத்திக்கொண்டே இரண்டு கையாலும் இழுப்பான். மறுநாள் அவனுக்கே முதுகு வலி! பாரை மார்பில் அடித்து எகிற வைப்பது, பிட்டத்தைத் தூக்குவது, பாதியில் நிறுத்துவது எல்லாம் உண்டு. போட்டியில் பாரை மார்பில் அசையாமல் நிறுத்தி, நடுவர் சொன்ன பிறகுதான் தள்ள வேண்டும். அங்கேயும் முதுகை வில்லாக வளைத்துத் தூரத்தைக் குறைத்தார்கள் என்று, முழங்கை தோள் மட்டத்துக்காவது இறங்க வேண்டும் என 2023-ல் விதியே கொண்டு வந்தார்கள். டெட் லிஃப்ட்டில் இந்தச் சலுகை கிடையாது. கூட நின்று யாரும் விரல் கொடுக்க முடியாது. ஒன்று பார் தரையை விட்டு எழும், இல்லை எழாது.

டெட் லிஃப்ட்டுக்கு வேறு அநியாயம் நடக்கிறது. போட்டிப் பிளேட்டின் குறுக்களவு 45 சென்டிமீட்டர். பார் தரையிலிருந்து 22.5 சென்டிமீட்டர் உயரத்தில் நிற்கும். நம் ஊர் ஜிம்மில் சின்ன 10 கிலோ பிளேட்டுகளாக மாட்டினால் பார் கணுக்காலுக்குப் பக்கத்தில் கிடக்கும். அதைத் தூக்க முதுகு வளையாமல் என்ன செய்யும்? அடியில் ரப்பர் பாயோ பலகையோ வையுங்கள். சித்திரை மாதத்தில் கை வியர்த்து பார் நழுவுகிறது என்று முகப்பவுடர் பூசுகிற தம்பிகளைப் பார்க்கிறேன். அது வழுக்கும். சாக்பீஸ் மாதிரி வெள்ளையாக இருப்பதெல்லாம் ஒன்றல்ல. மக்னீசியம் கார்பனேட் கட்டி வாங்குங்கள். கடைசியாக, பார். எல்லா பாரும் 20 கிலோ என்று நினைக்காதீர்கள். எங்கள் கொட்டகை பாரைப் பழைய இரும்புக் கடைத் தராசில் போட்டோம். 14 கிலோ! என் புகழ்பெற்ற 105 அன்றைக்கே 99 ஆனது.

ஒரே முறை முழு எடை தூக்கிப் பார்க்கப் பயமாக இருந்தால் கணக்குப் போடலாம். தூக்கிய எடையை எண்ணிக்கையால் பெருக்கி, 30-ஆல் வகுத்து, அதே எடையோடு கூட்டுங்கள். 60 கிலோ பத்து முறை என்றால் 80. எப்லி என்பவர் பெயரில் வழங்கும் சூத்திரம் இது. பத்துக்கு மேல் போனால் நம்பாதீர்கள்.

நம் முன்னோருக்கு இந்தக் குழப்பம் இல்லை என்று தோன்றுகிறது. தள்ளுவதற்குத் தண்டால், உட்கார்ந்து எழுவதற்கு பஸ்கி, தரையிலிருந்து எடுப்பதற்குத் தெற்கே இளவட்டக்கல். திருநெல்வேலி மாவட்டம் வடலிவிளையில் பொங்கலுக்கு இன்றும் கல் தூக்குகிறார்கள், பெண்களும் தூக்குகிறார்கள். மூன்றில் தண்டாலை மட்டும் எடுத்துக்கொண்டு, கல்லை ஊரிலேயே விட்டுவிட்டு நாம் அம்பத்தூருக்கு ரயிலேறிவிட்டோம்.

இதனால் பெஞ்ச் பிரஸ்ஸை நான் மட்டமாகப் பேசுவதாக நினைக்க வேண்டாம். மாற்றுத் திறனாளிகளின் பவர்லிஃப்டிங்கில் இருப்பது பெஞ்ச் பிரஸ் ஒன்றுதான். 2022 பர்மிங்காம் காமன்வெல்த் போட்டியில் அரியானாவின் சுதிர் 212 கிலோ தள்ளித் தங்கம் வாங்கினார். சின்ன வயதில் போலியோ வந்தவர். காலை ஊன்றி உந்துகிற வசதி இல்லாமல் 212! அங்கே படுத்துத் தூக்குவதுதான் முழுப் பலம்.

என் கதையின் மிச்சம் சுருக்கம். டாக்டர் அனுமதித்த பிறகு, செங்கல் அடுக்கி முழங்காலுக்குக் கீழ் உயரத்தில் காலி பாரை வைத்து ஆரம்பித்தேன். வாரம் ஒரு நாள், இரண்டரை கிலோவாக ஏற்றி, மாதம் ஒரு செங்கலாக எடுத்து. தரையிலிருந்து 100 தூக்க ஒன்றரை வருஷம் ஆயிற்று. வழி காட்டியவர் அந்த அண்ணன்தான். "அவசரப்படாத, சாமான் எங்கயும் ஓடிப் போவாது" என்பார். இன்று வயது ஐம்பத்தைந்தைத் தாண்டிவிட்டது. தோள் வலியால் பெஞ்ச் 65-க்கு வந்துவிட்டது. டெட் லிஃப்ட் 120 நிற்கிறது. பேத்தி "தூக்கு தாத்தா" என்று கையை நீட்டும்போது முதுகு பயப்படுவதில்லை.

ஆவடித் தம்பி, எங்கே உட்கார்ந்திருக்கிறாய்? உன் 100-ம் 110-ம் கேட்டபோது எனக்கு 1993-ல் அந்தக் கூட்டுக்கு முன்னால் நின்ற பையன்தான் தெரிந்தான். அடுத்த வருஷம் நீயும் எஸ்டேட்டில் ஏதாவது ஒரு ஷெட்டுக்குத்தான் பயிற்சிக்குப் போவாய். பூந்தமல்லித் தம்பி, நீயும் ரொம்பச் சிரிக்காதே. ஒற்றைத் தண்டாலுக்கே மூச்சு வாங்குகிறாய் என்று கேள்விப்பட்டேன்.

நாளை ஞாயிறு. காலை ஆறரைக்கு இரண்டு பேரும் கூடத்துக்கு வாருங்கள். பார், பிளேட் எல்லாவற்றையும் முதலில் நிறுப்போம். தராசுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். தலைமாட்டில் நான் நிற்கிறேன். பார் மார்பில் மாட்டிக்கொண்டால் பிடிப்பேன், அதுவரை விரல் படாது. உங்கள் கேள்விக்குப் பதில் அதற்கப்புறம்.