பிள்ளைத்தாய்ச்சியின் இரத்தமும் செக்ரோல் புத்தகமும்

(கிள்ளான் வட்டாரத் தொழிலாளர் கூட்டமொன்றில் தோட்டக் கிராணி ஒருவர் ஆற்றிய உரை)

நான் வைத்தியன் அல்லன். செக்ரோல் எழுதுகிற கிராணி. மாத்திரையைப் பற்றிப் பேச இவனுக்கு என்ன யோக்கியதை என்று நீங்கள் கேட்கலாம். யோக்கியதை இல்லை, ஒரு கடன் இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் நான் வேலை பார்த்த ஒரு தோட்டத்தில் பால்மரம் சீவும் பெண் ஒருத்தி கர்ப்பமாக இருந்தாள். அவள் கிளினிக்குக்குப் போன நாளிலெல்லாம் அவள் பெயருக்கு நேரே 'வரவில்லை' என்று என் கையால்தான் குறித்தேன். நாள் சம்பளம் போயிற்று. மூன்றாம் முறை அவள் போகவில்லை. அந்தச் சமயத்தில், "இரும்பு மாத்திரை தின்றால் இனிப்புநீர் வரும்" என்று லயத்தில் ஒரு பேச்சு கிளம்பியது. கையிலிருந்த மாத்திரைகளையும் அவள் சாக்கடையில் கொட்டிவிட்டாள். பிரசவத்தில் இரத்தப்போக்கு கண்டது. முன்னமே சோகை பிடித்திருந்த உடம்பு அதைத் தாங்கவில்லை. பிறர் இரத்தம் ஏற்றித்தான் உயிரைக் காத்தார்கள்.

அந்தப் பேச்சில் உண்மை உண்டா? அதை விசாரிக்கவே இன்று உங்கள்முன் நிற்கிறேன்.

தோழர்களே! இரத்தச் சோகை நம் மக்களுக்குப் புதிய விருந்தாளி அன்று. 1901-இல் டாக்டர் மால்கம் வாட்சன் இதே கிள்ளானுக்கு அரசாங்க வைத்தியராக வந்தபோது மலேரியா ஊரையே வாட்டிக்கொண்டிருந்தது. அவர் சதுப்பு நீரை வடியச் செய்து கொசுவை ஒடுக்கினார். மலேரியா இரத்த அணுக்களை அழித்தது. வெறுங்கால் வழியே புகுந்த கொக்கிப்புழு குடலிலிருந்து இரத்தத்தை உறிஞ்சியது. பம்பாயில் ஆலைத் தொழிலாளிப் பெண்கள் கர்ப்பகாலச் சோகையால் வாடியதை 1928 முதல் லூசி வில்ஸ் என்ற பெண் மருத்துவர் ஆராய்ந்தார். ஈஸ்ட் சாறு அதைக் குணப்படுத்துகிறது என்று 1931-இல் வெளியிட்டார். அதிலிருந்த சத்துதான் இன்று இரும்போடு சேர்த்துக் கொடுக்கப்படும் ஃபோலிக் ஆசிட். உழைக்கும் பெண்களின் நோயிலிருந்து உலகம் கற்ற பாடம் அது!

ஒரு கர்ப்பம் முழுவதற்கும் சுமார் 1 கிராம் இரும்பு கூடுதலாகத் தேவை. 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் குறைந்தால் அது சோகை. உலகச் சுகாதார நிறுவனம் கர்ப்பிணிக்கு நாள்தோறும் 30 முதல் 60 மில்லிகிராம் வரை இரும்பு சொல்கிறது.

அப்படியானால் இனிப்புநீர்ப் பேச்சு எங்கிருந்து வந்தது? அளவு மீறிய இரும்பு உடம்பில் தேங்கினால், இன்சுலின் சுரக்கும் கணையத்தைக் கெடுக்கும். தலசீமியா நோய்க்கு அடிக்கடி இரத்தம் ஏற்றிக்கொள்பவர் பலருக்கு இனிப்புநீர் வருவது இதனால்தான். கர்ப்பத்தின் தொடக்கத்தில் உடம்பில் இரும்பின் இருப்பு மிகுதியாகக் காணப்பட்ட பெண்களுக்குக் கர்ப்பகால இனிப்புநீர் சற்று அதிகம் என்று சில ஆராய்ச்சிகளும் கூறின. ஆனால் உடற்பருமனும் உடம்பின் அழற்சியும்கூட அந்தக் கணக்கை உயர்த்திக் காட்டும். ஹாங்காங்கில் ஆயிரத்துக்கு மேற்பட்ட கர்ப்பிணிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு நாளொன்றுக்கு 60 மில்லிகிராம் இரும்பும் மறு பிரிவுக்கு வெறும் மாத்திரையும் கொடுத்துப் பார்த்தார்கள். 2009-இல் முடிவு வெளியாயிற்று: இனிப்புநீர் இரும்பு தின்றவர்களுக்குக் கூடவில்லை.

ஆகவே தாய்மார்களே, இரண்டு விஷயங்களை மனத்தில் வையுங்கள். சோகை உள்ளவள் மாத்திரையை நிறுத்தக்கூடாது. சோகை இல்லாதவள், கிளினிக்கில் கொடுப்பது போதாதென்று பிரிக்பீல்ட்ஸிலோ ஜாலான் தெங்கு கிளானாவிலோ டானிக் வாங்கி இரட்டிப்பாகக் குடிக்கக்கூடாது. தலசீமியாவைப் பரம்பரையாகச் சுமப்பவருக்கு இரும்பு போதிய அளவு இருந்தும் இரத்தம் குறைவாகத் தெரியும். கண்ணிமையை இழுத்துப் பார்த்து இதையெல்லாம் கண்டுபிடிக்க முடியாது. இரத்தச் சோதனைதான் சொல்லும்.

இனிப்புநீரும் அப்படியே. தாய்க்கு ஒன்றும் தெரியாது. பிள்ளை அளவுமீறிப் பெருத்துப் பிரசவம் கஷ்டமாகும். 24-இலிருந்து 28 வாரத்துக்குள் வெறும் வயிற்றில் ஒரு தரமும், 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து மறு தரமும் இரத்தம் எடுப்பார்கள். முதலாவது 5.1, அடுத்தது 7.8, இரண்டில் ஒன்றைத் தொட்டாலும் இனிப்புநீர்தான். வீட்டில் பெற்றோர், உடன்பிறந்தோருக்கு இனிப்புநீர் இருந்தாலும், முன்பு 4 கிலோவுக்கு மேல் பிள்ளை பெற்றிருந்தாலும் முதல் நாளே மிஸ்ஸியிடம் சொல்லுங்கள்.

இன்னொன்று. பெரட்டுக்கு முன் நாம் குடிக்கும் டின்பால் தேநீர்! அதன் துவர்ப்பு இரும்பை உடம்பில் சேரவிடாது. அதன் சீனி இனிப்பை ஏற்றும். ஒரே மங்கில் இரண்டு கேடு. மாத்திரைக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது தேநீர் வேண்டாம். கொய்யாவோ, சீனி போடாத எலுமிச்சைச் சாறோ இரும்பு சேர உதவும். மீன், பயறு, முருங்கைக்கீரை வீட்டில் இருக்கட்டும். மரம் சீவப் போகும்போது காலுக்குச் சப்பாத்து இருக்கட்டும்.

நிற்க. இவ்வளவையும் சொல்லிவிட்டு, "போ, சோதனை செய்துகொள்" என்பது சுலபம். குளுக்கோஸ் சோதனைக்கு ஒரு காலைப்பொழுதே போய்விடும். மரம் சீவுவதும் காலைப்பொழுதில்தான். 2023 ஜனவரி 1 முதல் பேறுகால விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்தது, மகிழ்ச்சியே. ஆனால் சோதனை ஆறாம் மாதத்தில் வருகிறது. சம்பளத்துக்கும் சோதனைக்கும் நடுவே ஒரு தாயை நிறுத்திவிட்டு, 'அறியாமை' என்று அவள்மேல் பழி போடுவது நியாயமா?

கர்ப்பிணி கிளினிக் அட்டையைக் காட்டினால் அன்றைக்கு முழுப்பேர் போட வேண்டும். போய்வர வண்டியும் வேண்டும். இதைத் தொழிற்சங்கம் ஒவ்வொரு பேச்சுவார்த்தையிலும் மேசைமேல் வைக்க வேண்டும். கிராணி நண்பர்களே, அதுவரை நாமாவது அவளுக்காக நிர்வாகத்திடம் ஒரு வார்த்தை பேசுவோம். நான் அன்று பேசவில்லை. அந்தக் கடனைத் தீர்க்கத்தான் இன்று பேசினேன்.