வார்டுக்கு வரட்டும் மனநல மருத்துவம்



ஒரே ஒரு கோரிக்கையோடு இந்த மேடைக்கு வந்திருக்கிறேன். மனநல மருத்துவம் நம் வார்டுக்கு வர வேண்டும். சென்னை மாநகராட்சியில் 200 வார்டுகள் இருக்கின்றன. காய்ச்சல் வந்தால் பக்கத்திலேயே ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது. பிரசவம் பார்க்கக் கார்ப்பரேஷன் ஆஸ்பத்திரி இருக்கிறது. மனசுக்கு நோய் வந்தால் மட்டும் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனைக்கும் பெரியாஸ்பத்திரிக்கும் ஏன் ஓட வேண்டும்?

கண்ணகி நகரில் வீட்டு வேலை செய்து பிழைக்கும் ஒரு தாயை நினைத்துப் பாருங்கள். நகரத்தின் நடுவில் குடிசையில் இருந்தவர்களை அரசே பெயர்த்துக் கொண்டுபோய்க் குடிவைத்த இடம் அது. வளர்ந்த மகனுக்கு மனச்சிதைவு நோய். மாதம் ஒரு நாள் ஆஸ்பத்திரி. விடியும் முன்னே சோறு வடித்து, மகனை எழுப்பிக் குளிக்க வைத்து, ஓ.பி. சீட்டைத் தேடி எடுத்து பஸ் ஏறுகிறார். பெண் என்பதால் அவருக்கு இலவசம், மகனுக்கு டிக்கெட் எடுக்க வேண்டும். யாரோ கேள்வி கேட்பதுபோல மகன் பதில் சொல்லிக்கொண்டே வருகிறான். பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு சீட்டுக்குப் போகிறார். பஸ் மாறி, வரிசையில் நின்று, மாத்திரை வாங்கித் திரும்பினால் அன்றைய வேலை போச்சு. மூன்றாவது மாதம் வீட்டுக்காரம்மா சொல்கிறார்: “இன்னொரு தடவை லீவு போட்டா வேற ஆளைப் பார்த்துக்கறேன்.” நாலாவது மாதம் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. மாத்திரை நிற்கிறது. தூக்கம் போகிறது. மகன் கதவைச் சாத்திக்கொள்கிறான். அக்கம்பக்கம் தீர்ப்புச் சொல்கிறது: “அந்தம்மா சரியாப் பார்த்துக்கல.”

பழியைத் தாயின் தலையில் போடாதீர்கள்! குடும்பங்களைப் பெயர்த்துக் கொண்டுபோகத் தெரிந்த அரசுக்கு, அவர்கள் மருந்தையும் கூடவே கொண்டுபோக வேண்டும் என்று தெரியாதா? குற்றம் அந்தத் தூரத்தின் மேல். அந்தத் தூரத்தை அப்படியே விட்டு வைத்தவர்கள் மேல்.

கீழ்ப்பாக்கத்தை நான் குறை சொல்லவில்லை. 1794-இல் கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் தொடங்கி, இரண்டு நூற்றாண்டுகளைத் தாண்டி நிற்கும் நிலையம் அது. 1961 முதல் 1978 வரை அதை நடத்தியவர் டாக்டர் சாரதா மேனன், இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அவர் வீட்டில் உட்கார்ந்துவிடவில்லை. 1984-இல் இதே சென்னையில் மனச்சிதைவு நோயாளிகளுக்காக ‘ஸ்கார்ஃப்’ அமைப்பைத் தொடங்கினார். 1986-இல் தற்கொலைத் தடுப்புக்கு ‘சிநேகா’ வந்தது. 1993-இல் வீடற்றுத் தெருவில் திரிந்த பெண்களுக்காக ‘பான்யன்’ வந்தது. வழிகாட்ட ஆளில்லாத ஊர் இல்லை இது. வழி தெரிந்தும் சில தொண்டு நிறுவனங்களின் தோளில் பாரத்தைப் போட்டுவிட்டு ஒதுங்கி நிற்கும் ஊர்!

அப்படி ஒதுங்கினால் என்ன ஆகும் என்பதைத் தமிழ்நாடு பார்த்திருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடி. மனநோயாளிகளுக்கான ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பிடித்தது. 28 பேர் இறந்தார்கள். சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியவில்லை. பெற்ற பிள்ளையை ஏன் அங்கே கொண்டுபோய் விட்டார்கள்? வேண்டுதலும் நம்பிக்கையும் ஒரு காரணம். வீட்டுக்குப் பக்கத்தில் மருத்துவம் இல்லாததும் காரணம்! அந்தச் சாவுகளுக்குத் தீ மட்டுமா பொறுப்பு?

இப்போது சட்டம் நம் பக்கம் இருக்கிறது. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, அமலுக்கு வந்தது 2018 மே மாதம். 18-ஆம் பிரிவு மனநல சிகிச்சையை உரிமை என்கிறது. தரமாக, கட்டுப்படியாகும் செலவில், போதுமான அளவில், எட்டும் தூரத்தில் கிடைக்க வேண்டும் என்கிறது. 19-ஆம் பிரிவு, வீட்டில் ஏற்கவில்லை என்பதற்காகவோ வெளியே வசதி இல்லை என்பதற்காகவோ ஒருவரை ஆஸ்பத்திரியிலேயே அடைத்து வைக்கக் கூடாது என்கிறது. 95-ஆம் பிரிவு சங்கிலியைத் தடை செய்கிறது. 100-ஆம் பிரிவின்படி, மனநோயோடு தெருவில் திரிகிறவரைப் போலீஸ் லாக்கப்பில் வைக்கக் கூடாது. 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குப் பரிசோதனைக்காகக் கொண்டுபோக வேண்டும். நாம் கையேந்தி எதையும் கேட்கவில்லை. நாடாளுமன்றம் எழுதிக் கொடுத்த உரிமையைக் கேட்கிறோம்.

“டாக்டர் எங்கே இருக்கிறார்கள்?” என்று அதிகாரிகள் கேட்பார்கள். இதற்குப் பதில் நம் பக்கத்து மாவட்டத்திலேயே இருக்கிறது. காஞ்சிபுரத்திலும் கோவாவிலும் மகாராஷ்டிரத்தின் சதாராவிலும் ஓர் ஆய்வு நடந்தது. மனச்சிதைவு நோய் உள்ள 282 பேர் அதில் சேர்ந்தார்கள். ஒரு பகுதியினரின் வீட்டுக்குப் பயிற்சி பெற்ற சமூகப் பணியாளர்கள் போனார்கள். மாத்திரை சாப்பிடுகிறார்களா என்று பார்த்தார்கள், குடும்பத்தோடு பேசினார்கள், வேலைக்குத் திரும்ப உதவினார்கள். மேலே டாக்டரின் கண்காணிப்பு இருந்தது. ஆஸ்பத்திரி சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட இவர்கள் ஓரளவு கூடுதலாகத் தேறியிருந்தார்கள். 2014-இல் ‘லான்செட்’ இதழ் அதை வெளியிட்டது. தெருவுக்கு ஒரு மனநல டாக்டர் வேண்டும் என்று நாம் கேட்கவில்லை. கதவைத் தட்ட ஒரு ஆள், அவருக்குப் பின்னால் ஒரு டாக்டர். இது முடியாதா?

“பணம் எங்கே?” என்பார்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சுகாதாரப் பணியாளரின் பையில் சுகர் மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் வீடு தேடி வருகின்றன. நல்ல திட்டம், மனசாரப் பாராட்டுகிறேன். அதே பை, அதே பணியாளர், அதே தெரு. ஒவ்வொரு வார்டிலும் அந்தப் பையில் மனநோய் மாத்திரைக்கும் இடம் கொடுங்கள்! சுகர்காரருக்கு இருக்கும் மரியாதை மனச்சோர்வுக்காரருக்கு ஏன் இல்லை?

14416 என்று ‘டெலி-மானஸ்’ மனநல உதவி எண் இருக்கிறது. இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது. இன்றே செல்போனில் பதிந்து வையுங்கள். உயிரை மாய்த்துக்கொள்ளலாமா என்ற எண்ணம் யாருக்கு வந்தாலும் தயங்காமல் கூப்பிடச் சொல்லுங்கள். ஆனால் ஆட்சியாளர்களுக்குச் சொல்கிறேன்: போன் நம்பரைக் காட்டி எங்கள் வாயை அடைக்காதீர்கள். மாதம் தவறாமல் மாத்திரை தரவோ, கதவைச் சாத்திக்கொண்ட பிள்ளையை நேரில் பார்க்கவோ போனால் முடியாது.

ஆகவே நம் ஒரே கோரிக்கை நான்காக விரிகிறது. ஒவ்வொரு நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்திலும் மனநோய் மருந்து தட்டுப்பாடில்லாமல் இருக்க வேண்டும். வாரத்தில் குறித்த நாளில் மனநல டாக்டரும், எல்லா நாளும் ஒரு ஆலோசகரும் இருக்க வேண்டும். வீடுவீடாகப் போகும் பணியாளருக்குப் பயிற்சியும், அந்தக் கூடுதல் வேலைக்குக் கூடுதல் சம்பளமும் தர வேண்டும். அவர்கள் உழைப்பை இலவசமாகச் சுரண்டும் திட்டம் நமக்கு வேண்டாம். குணமாகியும் போக்கிடம் இல்லாதவர்களுக்கு ஒவ்வொரு மண்டலத்திலும் நாலைந்து பேர் சேர்ந்து வாழும் வாடகை வீடுகள் வேண்டும்.

அந்த வீடு நம் தெருவுக்கு வரும்போது “இங்கே வேண்டாம்” என்று கொடி பிடிக்கப்போவது யார்? நம்மில் சிலர்தான்! அரசிடம் உரிமை கேட்டுவிட்டு, வாடகைக்கு வருகிறவர் முகத்தில் கதவைச் சாத்தினால் நம் கோரிக்கைக்கு மதிப்பே இல்லை. அந்த வீட்டுக்கு முதலில் தண்ணீர்க் குடம் கொண்டுபோகிறவர்கள் நாமாக இருக்க வேண்டும்.

வார்டு கமிட்டியும் ஏரியா சபையும் சட்டப்படி நமக்கு உண்டு. அடுத்த சபைக் கூட்டத்துக்கு எல்லோரும் வாருங்கள். இந்த நான்கு கோரிக்கைகளையும் எழுதிக் கையெழுத்திட்டுக் கவுன்சிலர் கையில் கொடுப்போம். தீர்மானமாகப் போடச் சொல்வோம். போடும்வரை எழுந்து போக மாட்டோம்!